கைப்பிடி எந்தப் பக்கம்?

மார்ச் 4

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

மாமா எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்து மிரண்டுவிடாதே. கோணல்மாணலாக இருக்கும். சில எழுத்து வரிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும், சிலது கீழே தொங்கும். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் கையெழுத்து வேறு எப்படிப் போகும்? பொறுத்துக்கொண்டு படி. இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது.

நான் சுகம். நீ சுகமா? உன் அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? என் தங்கை வலித்தாலும் சொல்ல மாட்டாள், நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

எழுபத்தொன்றாம் வயதில் நான் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். நூலகத்தின் பின்னறையில் செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. எண்கள் எனக்கு முன்பே தெரியும், லிஃப்ட் பொத்தானில் இருந்தது. எழுத்துதான் தெரியாமல் இருந்தது. டீச்சர் அவரவருக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். ஒருவர் மருந்துச் சீட்டு கொண்டுவந்தார். நான் போனில் உன் பயணப் பக்கத்தைக் கொண்டுபோனேன். மருமகள், நீ அக்கா என்று கூப்பிடுகிறவள், எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் நிற்கிறது.

ஐஸ் கம்பெனி இருக்கும் ஊரைப் பற்றி நீ எழுதியதைப் படித்து முடிக்க ஆறு நாள் ஆனது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே வேலை செய்கிறவர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள் என்று நீ எழுதிய இடத்தில் நானும் என் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நீ ஒரே நாளில் போய்வந்த ஊரில் நான் ஆறு நாள் தங்கியிருக்கிறேன். யார் பெரிய பயணி என்று நீயே சொல்.

போனில் பதில் அனுப்பாதே. காகிதத்தில் எழுது. எனக்கென்று தபால் வந்து நான் பார்த்ததில்லை.

உன் மாமா

—

மார்ச் 15

அன்புள்ள லிஃப்ட் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு நான்கு தடவை படித்துக் காட்டினேன். ஐந்தாவது தடவை கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் எழுதினதாடி இது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சொல்லாதே என்று சொன்னாள், சொல்லிவிட்டேன்.

எழுத்து போதுமான அளவு பெரிதாக இருக்கிறதா? கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் அட்டையில் மூன்றாவது வரிசை அளவுக்கு எழுதியிருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் அந்தக் கடை, மிச்சத்துக்கு ஊர்சுற்றல், இதுதான் இன்னும் என் பிழைப்பு.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் முந்நூற்றுப் பதினோரு பதிவுகள் எழுதியிருக்கிறேன். போன வாரம் எழுதியதைப் பத்தொன்பது பேர் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் நானே, வீட்டிலிருந்து ஒரு தடவை, கடையிலிருந்து ஒரு தடவை. எல்லாரும் இப்போது வீடியோதான் பார்க்கிறார்கள். "இவ்வளவு நீளமா எழுதினா யாருக்குடி படிக்கப் பொறுமை இருக்கு" என்று கடையில் கேட்கிறார்கள். இந்த வருஷத்தோடு மூடிவிடலாமா என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஏன் படிக்கிறீர்கள் மாமா? என்னைச் சந்தோஷப்படுத்தவா? உண்மையைச் சொல்லுங்கள்.

அத்தானையும் அக்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி

—

மார்ச் 29

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

எழுத்து ரொம்பப் பெரிது. நான் குருடன் இல்லை. அடுத்த தடவை நாலாவது வரிசை அளவுக்கு எழுது.

ஏன் படிக்கிறேன் என்று கேட்டாய். எங்கள் கட்டிடத்தில் பதினோரு மாடி. கதவு திறந்தால் ஒவ்வொரு மாடியும் எனக்கு ஒரு முழ அகலம்தான் தெரியும். மூன்றாவது மாடி என்றால் ஒரு தண்ணீர்க் குழாய். ஏழாவது என்றால் ஒரு நாற்காலியின் முதுகு. பத்தாவது என்றால் பச்சைக் கதவு. முப்பத்தெட்டு வருஷத்தில் நான் எத்தனை ஆயிரம் தடவை பத்தாவது மாடிக்குப் போயிருப்பேன். உள்ளே போனதே இல்லை. லிஃப்டை விட்டு இறங்கக் கூடாது என்பது வேலையின் விதி.

பத்தாவது மாடி பெருக்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். சாயங்காலம் இறங்கும்போது சொல்வாள். "இன்னிக்கு ஜன்னல்ல பார்த்தேன், ரயில் பாலத்து மேல நின்னுபோச்சு, ஆளுங்க இறங்கி நடந்தே வர்றாங்க." பத்து மாடி இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவாள். அவள் சொல்லியிருக்காவிட்டால் பத்தாவது மாடி எனக்குப் பச்சைக் கதவோடு முடிந்திருக்கும். அதனால்தான் படிக்கிறேன். உன்னைச் சந்தோஷப்படுத்த நான் எதற்கு ஆறு நாள் எழுத்துக் கூட்ட வேண்டும்?

எழுதுகிறவளுக்கு என்ன லாபம் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பெருக்கும் அம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "உங்ககிட்ட சொல்லணுமேன்னுதான் அந்த ஜன்னலண்ட நிக்கிறேன். இல்லாட்டி பெருக்கிட்டு வந்துருப்பேன்." பத்தொன்பது பேர் போதாதா உனக்கு? எனக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்றி வழக்கமில்லை.

இன்னொரு விஷயம். நீ எழுதிய, குன்றின்மேல் இருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தைப் படித்து முடித்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு படிதான், கைப்பிடி இருக்கிறது, முட்டிவலிக்காரர்களும் ஏறலாம் என்று போட்டிருக்கிறாய். இங்கிருந்து மூன்று மணி நேர பஸ். நான் போகப் போகிறேன். மகனிடம் சொன்னேன்.

"இந்த வயசுல தனியா எங்கப்பா போறீங்க?"

"மேல ஏறப் போறேன்."

"ஆயுசு பூரா ஏறி இறங்கினது போதாதா?"

"அது லிஃப்ட் ஏறினதுடா. நான் எங்க ஏறினேன்?"

என் செருப்பை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டான். மருந்துக் கடை வைத்திருக்கிறவனுக்கு ஊரே நோயாளியாகத்தான் தெரியும். மருமகள் நாற்காலி போட்டு எடுத்துக் கொடுத்தாள். அவனிடம் சொல்லிவிடாதே.

உன் மாமா

—

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவும் நலம்.

கலங்கரை விளக்கத்துக்கு இப்போது போக வேண்டாம். வெயில் கடுமை. அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஏரி ஊர்தான் சரி. சமதரை, சுற்றிலும் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் எழுதியது இருக்கிறது, அக்காவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயவுசெய்து ஏரிக்குப் போங்கள்.

கடையில் வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

ஊர்சுற்றி

—

மே 27

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கையெழுத்து முன்னைவிட மோசமாக இருக்கிறது என்று நினைப்பாய். பேனா புதிது. பழகவில்லை. உறையில் விலாசத்தை மருமகள் எழுதினாள்.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். வகுப்புக்குப் போகிறேன். மருந்துச் சீட்டுக்காரர் இப்போது செய்தித்தாள் படிக்கிறார். படித்துவிட்டு எல்லாரையும் திட்டுகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். நீ கலங்கரை விளக்கத்துக்கு ஏறினாயே, அந்தக் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது? ஏறும்போது வலது கைப் பக்கமா, இடது கைப் பக்கமா?

அவசரமில்லை. யோசித்து எழுது.

உன் மாமா

—

ஜூன் 10

உனக்கு,

அத்தான் எழுதுவது. எல்லாரும் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். ஏப்ரல் கடைசியில் யாருக்கும் தெரியாமல் அந்தக் கலங்கரை விளக்கத்துக்குப் போனார். படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். புல் வெட்ட வந்த ஒருவர்தான் தோளில் சாய்த்துக் கீழே கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றியபோது பையில் ஒரு தாள் இருந்தது. நீ எழுதியதை அவர் தன் கையால் பென்சிலில் காப்பி பண்ணி வைத்திருந்தார். "கைப்பிடி இருக்கிறது" என்ற இடத்தில் அடிக்கோடு.

நான் நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே கைப்பிடி இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததற்கான அடையாளமும் இல்லை.

போன மாதம் உனக்கு அவர் எழுதியது இடது கையால். எழுபத்தொரு வயதில் ஒரு கைக்கே இப்போதுதான் எழுத்து வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். என்னோடு பேசுவதில்லை, உன்னைத் திட்டினேன் என்று.

போனை வாங்கி வைத்துவிட்டேன். நீ அந்தப் பக்கத்தை நிறுத்து. இனி அவருக்கு எழுதாதே.

அத்தான்

—

ஜூன் 18

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தான் எழுத வேண்டாம் என்று சொன்னார். இந்த ஒரு கடிதத்தை மட்டும் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லி அக்காவுக்கு அனுப்புகிறேன்.

கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. நான் ஏறவே இல்லை.

மூன்று கிலோமீட்டருக்கு இப்பால், பஸ் நிலையத்தில் இருந்தேன். நல்ல மழை. கடைசி பஸ் ஐந்து மணிக்கு. டீக்கடையில் கேட்டேன். "இப்ப கைப்பிடிக் கம்பியெல்லாம் போட்டாச்சும்மா, பத்துப் பன்னெண்டு படிதான், சும்மா ஏறிடலாம்" என்றார் கடைக்காரர். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை தவறாமல் பதிவு போடுகிறவள் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதினேன். முட்டிவலிக்காரர்கள் என்பதை அம்மாவை நினைத்துச் சேர்த்தேன். அந்த வரியைத்தான் நிறையப் பேர் பாராட்டினார்கள்.

உங்களுக்குச் சொன்ன முந்நூற்றுப் பதினோரு பதிவில் பொய் அது ஒன்றுதான் மாமா. நீங்கள் போகிறேன் என்று எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். வெயில் என்று எழுதினேன். நீங்கள் கைப்பிடியைப் பற்றிக் கேட்டபோது பத்து நாள் அந்தக் கடிதத்தை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிடப் போகிறேன். அம்மா சாப்பிடாமல் அழுகிறாள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் தங்கை மகள்

—

ஜூன் 23

ஊர்சுற்றிக்கு,

இதை மூன்று நாளாக இடது கையால் எழுதுகிறேன். இடையில் நிறுத்தாமல் படி. மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று மருமகள் விரைவுத் தபாலில் போடப் போகிறாள்.

அழிக்கக் கூடாது. நான் சொல்கிறேன், கூடாது.

எங்கள் லிஃப்டில் ஒரு தகடு இருந்தது. அதில் எட்டு என்ற எண் மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும். எட்டுப் பேர். அதை எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்து, எடை போட்டுப் பார்த்துத்தான் எழுதியிருப்பான் என்று நம்பினேன். ஒன்பதாவது ஆளாக ஒருநாள் மேனேஜரே வந்தார். இறங்கச் சொன்னேன். "நான் யாருன்னு தெரியுமா?" என்றார். "ஒன்பதாவது ஆளு சார்" என்றேன். இரண்டு நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திரும்பி வந்த அன்றும் ஒன்பதாவது ஆளை இறக்கித்தான் விட்டேன்.

நீ எழுதியது அந்தத் தகடு மாதிரி. படிக்கத் தெரிந்தபின் நான் நம்பிய முதல் தகடு. டீக்கடைக்காரர் சொன்னதை வைத்துத் தகடு அடித்துவிட்டாய். இதற்கு உன்னை நன்றாகத் திட்ட வேண்டும். கை வலிக்கிறது. திட்டியதாக வைத்துக்கொள்.

ஆனால் தகடு தப்பாக இருந்தால் லிஃப்டையா உடைப்பார்கள்? தகட்டை மாற்றுவார்கள். மிச்சம் முந்நூற்றுப் பத்தை அழிக்க நீ யார்? ஐஸ் கம்பெனி ஊரில் நான் ஆறு நாள் இருந்திருக்கிறேன். அது பாதி என்னுடையது.

நான் விழுந்ததைச் சொல்லாததற்குக் காரணம் கேட்பாய். சொல்லியிருந்தால் நீ பயந்து உண்மையைச் சொல்லியிருப்பாய். கேட்டு வாங்காமல், நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். அதற்குள் மகன் குறுக்கே புகுந்துவிட்டான்.

இப்போது வேலை சொல்கிறேன். நீ அங்கே போ. மழை பெய்தாலும் ஏறு. படியை எண்ணு. எங்கே வழுக்குகிறது, எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே, அதை எழுது. சூரியன் மறைவதை வர்ணிக்க வேண்டாம், அதை நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். விழுந்த இடத்தில் ஒரு தட்டையான கல் இருக்கிறது. ஒரு மணி நேரம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். கை தீயாய் எரிந்தது. ஆனாலும் அங்கிருந்தே ஆறு கடலில் கலப்பது தெரிந்தது. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் நீலம், நடுவில் கோடு. அவ்வளவு அகலத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த ஒரு மணி நேரத்தை யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அந்தக் கல்லையும் எழுது.

பிறகு நான் மறுபடி போவேன். மகனிடம் சொல்லிவிட்டேன். "என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்" என்றான். "சரி, ஓரமாப் படுத்துக்கோ" என்றேன். ஒரு மாதம் கழித்து நாங்கள் பேசிய முதல் பேச்சு இது.

என் தங்கையைச் சாப்பிடச் சொல்.

உன் மாமா

—

ஆகஸ்ட் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்களா?

உங்கள் கடிதம் மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்பு வந்தது. அழிக்கவில்லை.

மூன்று தடவை போனேன். ஒரு தடவை வெயிலில், ஒரு தடவை மழையில், ஒரு தடவை அம்மாவோடு. அம்மா கீழேயே உட்கார்ந்துகொண்டு, "அண்ணன் இதுலயா ஏறினாரு" என்று படிகளை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய பதிவை அப்படியே விட்டு, அதன் தலையில் இதைச் சேர்த்திருக்கிறேன். போன் உங்களிடம் இல்லாததால் எழுதி அனுப்புகிறேன்:

"கீழே உள்ளதை எழுதியபோது நான் இந்த இடத்துக்குப் போயிருக்கவில்லை. கேட்டதை எழுதினேன். அதை நம்பிப் போன ஒருவர் விழுந்து கை உடைந்தது. இப்போது போய்ப் பார்த்து எழுதுகிறேன். அறுபத்தொரு படிகள். கைப்பிடி இல்லை. இருபதாவது படிக்கு மேல் பாசி, மழை நாளில் ஏறவேண்டாம். முப்பத்து நான்காவது படியை ஒட்டி இடது பக்கம் தட்டையான கல் இருக்கிறது, மூன்று பேர் உட்காரலாம். வயதானவர்களும் முட்டிவலிக்காரர்களும் அதுவரை போனால் போதும், ஆறு கடலில் கலப்பது அங்கிருந்தே தெரியும். கழிப்பறை பஸ் நிலையத்தில் மட்டும்."

பாதிப் பேர் திட்டினார்கள். "இத்தனை நாள் எதையெல்லாம் இப்படி எழுதினாயோ" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இப்போது பத்தொன்பது பேர் இல்லை மாமா, பதினொரு பேர்தான். எழுத எழுத எனக்குக் கூச்சம் குறைகிறது. ஒவ்வொரு ஊரிலும் படி எண்ணுகிறேன், ஆட்கள் பைத்தியம் என்று பார்க்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு ஊரில் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

ஊர்சுற்றி

—

செப்டம்பர் 3

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

நான் சுகம். மகனுக்கு இரண்டு தொடையிலும் பிடிப்பு. ஏனென்று சொல்கிறேன்.

நாலு நாள் முன்பு போய்விட்டு வந்தோம். நான் செருப்பைக் கேட்டேன். அவன் பரணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "பிடிச்சுக்க ஆளில்லாம உங்களை விடமாட்டேன்" என்று கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்தான். கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டேன் அல்லவா, மகன் வடிவில் வந்தது. வலது பக்கம் வந்தது.

இருபதாவது படியில் அவன் மூச்சு வாங்க ஆரம்பித்தான். முப்பத்து நான்கில் கல்மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். அதே பழுப்பு, அதே நீலம், அதே கோடு. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போது கீழேயிருந்து ஒரு அம்மாள் கைத்தடி ஊன்றி ஏறி வந்தார். என் வயது இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். ஒவ்வொரு படிக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. நின்றார். கல்லைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இந்தக் கல்லு வயசானவங்களுக்குன்னு போட்டிருக்கு."

"எங்கம்மா போட்டிருக்கு?" என்றான் இவன்.

அவர் போனை எடுத்து நீட்டினார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார், ஒரு வரிக்கு மூன்று வார்த்தை. மகன் படித்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து நின்றான். அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "யாரோ ஒருத்தர் விழுந்து கையை ஒடைச்சுக்கிட்டாராம். அதுக்கப்புறம் இந்தப் பொண்ணு சரியா எண்ணி எழுதியிருக்கு. அதை நம்பித்தான் வந்தேன். வீட்டுல சொல்லல."

நான் யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்னைப் பார்த்திருப்பார். அவர் பார்க்க வந்தது அந்தக் கோடு. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு தடவை என் வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

பிறகு நான் உச்சி வரை ஏறினேன். அறுபத்திரண்டு படி. அறுபத்தொன்று இல்லை. உச்சியில் பாதி உடைந்த படி ஒன்று இருக்கிறது, அதை நீ கணக்கில் எடுக்கவில்லை. உடைந்தாலும் படி படிதான், காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. உடனே மாற்று.

மகன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இனி உன் பதினொரு பேரில் நான் ஒருவன், அந்த அம்மாள் ஒருவர். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவன் ஐஸ் கம்பெனி ஊரைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டான். என் தங்கையிடம் சொல், முப்பத்து நான்கு போதும், அவளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

டாக்டர் கட்டைப் பிரித்து வெகு நாளாயிற்று. இப்போதுதான் விரல் மடங்குகிறது. அடுத்த கடிதத்தை வலது கையால் எழுதுவேன். அது இதைவிடக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் மாமா